மன பாதிப்புக்கு நஷ்டஈடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக உதவி மேஜையில் உட்காருகிறவள் நான். விபத்தில் அடிபட்டு வருகிறவர்கள் எக்ஸ்ரேயைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டு வருவார்கள். ராத்திரித் தூக்கம் போனதையும், ரோட்டைக் கண்டாலே கை நடுங்குவதையும் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். அதற்கென்று ஒரு காகிதமும் கையில் இருக்காது. அந்தக் காகிதம் இல்லாததாலேயே நியாயமாக வர வேண்டிய பணம் வராமல் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லாமே இந்தியச் சட்டம், தமிழ்நாட்டு நடைமுறை.

மனசு பாதிக்கப்பட்டதற்கு நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் 'மன பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம்' என்று தனியாக ஒன்று கிடையாது. பல சட்டங்களில் ஆங்காங்கே இருக்கிறது. சாலை விபத்தென்றால் மோட்டார் வாகனச் சட்டம், வீட்டில் நடக்கும் கொடுமைக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டின் சட்டம், காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறை என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குற்றம் நடந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் இழப்பீட்டுத் திட்டம் தனி.

விபத்து வழக்குகளில் 1995ஆம் ஆண்டு ஹட்டங்காடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய நஷ்டம் (மருத்துவச் செலவு, போன வருமானம்) ஒரு பக்கம். கணக்கில் அடங்காத நஷ்டம் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது பட்டியலில் உடல் அதிர்ச்சியோடு மன அதிர்ச்சியும் பெயர் சொல்லியே இருக்கிறது. வாழ்க்கையில் ஏற்படும் விரக்தியும் மன அழுத்தமும்கூட அதில் உண்டு. ஆகவே, 'மனசு சரியில்லை என்று கோர்ட்டில் போய்ச் சொல்ல முடியுமா?' என்று தயங்க வேண்டியதில்லை.

இந்த இடத்துக்கு வரச் சட்டத்துக்கு வெகுகாலம் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் ரயில்வே கேட் கீப்பரின் கவனக்குறைவால் ரயில் மோத வந்து, மயிரிழையில் தப்பிய ஒரு கர்ப்பிணியின் வழக்கு 1888இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு (அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம்) போனது. உடம்பில் அடிபடவில்லையே, வெறும் பயத்துக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 1901இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. நம் நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் வந்தன.

மன உளைச்சலும் மனநோயும் ஒன்றா? வழக்குக்கு எது தேவை?

இரண்டும் வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் மனு எழுதுவதால்தான் பல வழக்குகளில் தொகை சுருங்கிப் போகிறது.

மன உளைச்சல் என்பது அந்தச் சூழ்நிலையில் யாருக்கும் வரக்கூடிய வேதனை, அலைச்சல், அவமானம். இதற்கு டாக்டர் சான்று தேவையில்லை. நுகர்வோர் ஆணையங்களில் 'மன உளைச்சலுக்காக' என்று ஒரு தொகை தருவது இந்த வகை. பெரும்பாலும் ஆயிரங்களில் இருக்கும்.

மனநோய் அல்லது மனக்காயம் என்பது மனநல மருத்துவர் பார்த்து, பெயர் வைத்து, சிகிச்சை தரும் நிலை. விபத்துக்கும் வன்முறைக்கும் பிறகு அதிகம் காணப்படுவது பி.டி.எஸ்.டி. என்கிற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருவது, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, எந்நேரமும் ஆபத்து வரப்போவதுபோல் உடம்பு விறைத்து நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள். சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இவை பலருக்கும் வரும், தானே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். நோய் என்று பதிவானால் சிகிச்சைச் செலவு, இனி ஆகப்போகும் செலவு, சம்பாதிக்கும் திறன் குறைந்தது என்று ஒவ்வொன்றையும் தனித் தலைப்பில் கேட்கலாம்.

விபத்து நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கால் எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் வண்டியில் ஏற முடியவில்லை. இதைக் கேட்க முடியுமா?

முடியும். எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். வழக்குப் போடுவதற்கான கெடுவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிவுக்கு ஊனச் சதவீதம் பத்து, பதினைந்து என்று சான்றிதழ் வரும். ஆனால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வியர்த்துக் கொட்டுகிறது, லாரி ஹாரன் கேட்டால் ஓரங்கட்டி இறங்கிவிடுகிறார். ஆட்டோவை விற்றுவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறார், வருமானம் பாதியாகிவிட்டது. அவருடைய உண்மையான நஷ்டம் அந்தப் பத்துச் சதவீதத்தில் இல்லை. 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த ஆளின் தொழிலுக்கு அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழு வருமானமும் போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்று தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது. மனக்காயத்துக்கும் அதே அளவுகோல்தான்.

ஆனால் மனுவில் எழுதுகிற விதம் முக்கியம். 'மனுதாரர் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளார்' என்ற ஒரு வரி எல்லா எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு) மனுவிலும் இருக்கும். நீதிபதி அதைத் தாண்டிப் போய்விடுவார். அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'மனுதாரர் விபத்துக்கு முன் தினமும் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஏற்றிச் சென்றவர். விபத்துக்குப் பின் வாகனம் ஓட்ட முயன்றபோதெல்லாம் படபடப்பும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்று வருகிறார். வாகனத்தை விற்றுவிட்டார். தற்போது கடையில் வேலை செய்து வருகிறார்.' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆவணம் இருக்க வேண்டும். ஓ.பி. சீட்டு, ஆட்டோ விற்ற பத்திரம், பழைய லோடு ரசீது, புதிய கடை முதலாளியின் கடிதம். இவைதான் உங்கள் பேச்சுக்குப் பலம்.

மனு எங்கே போடலாம் என்றால், விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்த ஊர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். வெளியூரில் நடந்த விபத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு போய்வர வேண்டியதில்லை. மன பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

டாக்டர் சான்று எப்படி இருக்க வேண்டும்?

வழக்குக்காக ஒரே ஒரு நாள் போய் வாங்கிய சான்றிதழுக்கு மதிப்புக் குறைவு. ராஜ்குமார் தீர்ப்பிலேயே, சிகிச்சை தராத மருத்துவர்கள் வழங்கும் தயார்நிலைச் சான்றிதழ்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. சிகிச்சை தந்த மருத்துவரே சாட்சி சொல்வதுதான் நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிதுதான். விபத்துக்கு வைத்தியம் பார்க்கும் எலும்பு டாக்டரிடமே தூக்கமின்மையையும் பயத்தையும் சொல்லுங்கள், அவர் மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார். அந்தப் பரிந்துரைச் சீட்டே ஓர் ஆதாரம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. டாக்டரிடம் என்ன நடந்தது, எப்போதிலிருந்து, வேலையிலும் வீட்டிலும் எது முடியவில்லை என்ற மூன்றையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'தூக்கம் வரலை' என்று மட்டும் சொன்னால் அதுமட்டும்தான் பதிவாகும். விபத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்ற ஒரு வரி கடைசியில் வழக்கையே தாங்கி நிற்கும்.

மாத்திரைச் சீட்டு, கவுன்சலிங் ரசீது, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோப்பில் போடுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இல் இருக்கிறது. மருத்துவமனைகள் உள்நோயாளிப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதுதான் பொது விதி. ஆகவே பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நீண்டகாலம் நீடிக்கும் மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் உண்டு. அதை 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்து மெடிக்கல் போர்டு முடிவு செய்யும். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கிலும் மதிப்பெண் போட்டு, நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் சேர்ப்பார்கள். வீட்டில் கூட இருக்கும் ஒருவர் உடன் வந்து சொல்வது அவசியம், ஏனென்றால் பலர் போர்டு முன்னால் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

குறுக்கு விசாரணையில் என்ன கேட்பார்கள்?

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அனேகமாக இதுவாக இருக்கும்: 'இன்றைக்குக் கோர்ட்டுக்கு எப்படி வந்தீர்கள்?' பஸ்ஸில் வந்தேன் என்பீர்கள். 'அப்படியானால் வாகனத்தில் ஏறப் பயமில்லை என்று சொன்னால் சரிதானே?' என்று அடுத்தது வரும். இங்கே பதறி 'ஆமாம்' என்றோ, கோபத்தில் 'நடந்து வந்தேன்' என்றோ சொல்லக் கூடாது. உள்ளதைச் சொல்லுங்கள். 'மச்சான் கூட வந்தார், ஜன்னல் பக்கம் உட்காராமல் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன், நானாக வண்டி ஓட்ட முடிவதில்லை' என்பது உண்மை என்றால் அதுவே போதும்.

விபத்தான உடனே ஏன் மனநல டாக்டரைப் பார்க்கவில்லை, நான்கு மாதம் கழித்து ஏன் போனீர்கள் என்றும் கேட்பார்கள். முதலில் காலைத்தான் கவனித்தோம், பிறகும் தூக்கம் வராததால் போனோம் என்பது நியாயமான பதில். சமூக வலைத்தளப் படங்களையும் எடுத்து வருவார்கள். தங்கை கல்யாணத்தில் சிரித்தபடி நிற்கும் ஒரு படத்தைக் காட்டி நோயே இல்லை என்று வாதாடுவது வழக்கம். அந்தப் படங்களை அழிக்க வேண்டாம், அழித்தால் சந்தேகம்தான் கூடும். உங்கள் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாட்சிக் கூண்டில் நடந்ததைத் திரும்பச் சொல்வதே சிலருக்குப் பெரிய வேதனை. அப்படியானால் முன்பே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். நடுவில் தண்ணீர் கேட்கலாம், உட்கார்ந்து பதில் சொல்ல அனுமதி கேட்கலாம். நீதிபதிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

விபத்து வழக்குக்கு, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதம். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன, ஆகவே ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டி விட்டுவிடாதீர்கள், உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு. வேலையிடப் பாலியல் தொல்லைப் புகாருக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். பொய் வழக்கு போட்டு அலைக்கழித்ததற்கும் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கும் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க ஓராண்டுதான். குடும்ப வன்முறை மனுவுக்குக் கெடு கிடையாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாக்கியது.

மனக்காயம் தாமதமாகத்தான் தலைகாட்டும், சட்டத்தின் கெடுவோ சம்பவத்திலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் நிலைமை இதுதான் என்பதால், மனுவை முதலில் போட்டுவிட்டு, மருத்துவ ஆவணங்களை விசாரணை வரும்போது சேர்ப்பதுதான் வழி.

எவ்வளவு கிடைக்கும்?

இவ்வளவு என்று யாராவது முன்கூட்டியே சொன்னால் நம்பாதீர்கள். வலி, வேதனை என்ற தலைப்பில் மிகக் கடுமையான காயங்களுக்கு உச்ச நீதிமன்றம் 15 லட்சம் வரை தந்திருக்கிறது. 2020இல் காஜல் வழக்கில் மூளை பாதிக்கப்பட்டு வாழ்நாள் முழுக்கக் குழந்தையாகவே இருக்க வேண்டிய ஒரு சிறுமிக்கு மொத்தம் 62.27 லட்சம் கிடைத்தது. 2024 நவம்பரில் ஊனமுற்ற ஒருவருக்கு அந்த ஒரு தலைப்பில் மட்டும் 15 லட்சம் தந்து, மொத்தத் தொகையை ஒரு கோடிக்கு மேல் உயர்த்தினார்கள். இவையெல்லாம் உடலும் சேர்ந்து சிதைந்த வழக்குகள். உடற்காயம் சிறிதாக இருந்து மனக்காயம் மட்டும் பெரிதாக இருக்கும் வழக்குகளில் கீழ்த் தீர்ப்பாயங்கள் இன்னும் கை சுருக்கித்தான் தருகின்றன. வருமான இழப்பை ஆவணத்தோடு நிரூபித்தால்தான் அந்தத் தொகை நகரும்.

எனக்கு அடிபடவில்லை. என் கண்ணெதிரே மகன் இறந்தான். நான் கேட்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களுக்குப் பதில் சொல்வது லேசு இல்லை. மகனின் மரணத்துக்கான வழக்கில் நீங்கள் சட்டப்படியான வாரிசு. 2018இல் உச்ச நீதிமன்றம், பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பாச இழப்புக்கான தொகை உண்டு என்று சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் தலைப்புக்கு 40,000 ரூபாய் என்று நிர்ணயித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்துச் சதவீதம் கூட்டச் சொன்னது. ஒரு தாயின் துயரத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும்! ஆனால் நடைமுறையில் அதுதான் அளவு.

நீங்களும் அதே வண்டியில் இருந்து உங்களுக்கும் காயம் என்றால், அது தனி மனு. அதில் உங்கள் மன பாதிப்பை முழுமையாகக் கேட்கலாம். இரண்டையும் ஒரே மனுவில் குழப்ப வேண்டாம்.

மருத்துவமனைத் தவறால் குழந்தை பாதிக்கப்பட்டது. பெற்றோரின் மன வேதனைக்குத் தனியாகக் கேட்க முடியுமா?

முடியும். 1998ஆம் ஆண்டின் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு உங்களுக்கானது. தலைநகர் டில்லியில் ஒரு சிறுவனுக்குச் செவிலியர் தவறான ஊசி போட்டு, அவன் நினைவற்ற நிலைக்குப் போனான். சிறுவனுக்கு 12.5 லட்சமும், பெற்றோரின் மன வேதனைக்கென்று தனியாக 5 லட்சமும் தரப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காசு கட்டியவர்கள் பெற்றோர், சிகிச்சை பெற்றவன் பிள்ளை, இரு தரப்பும் நுகர்வோர்தான் என்றது.

கட்டணமே இல்லாத அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ (அரசுக்கு எதிராக அங்கே நேரடியாகப் போடும் மனு) சிவில் வழக்கோதான். நுகர்வோர் வழக்கில், நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது.

கணவர் அடிப்பதில்லை, ஆனால் வார்த்தையால் கொல்கிறார். இதற்கும் உண்டா?

உண்டு. வார்த்தையாலும் உணர்வாலும் துன்புறுத்துவதும் குடும்ப வன்முறைதான் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மனச் சித்திரவதைக்கும் உணர்வு வேதனைக்கும் நஷ்டஈடு தரும்படி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுத அவரே உதவ வேண்டும். 181க்குப் போன் செய்யலாம். வாட்ஸ்அப் மிரட்டல்களை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றிவிடாதீர்கள். பிரதி எடுத்துத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றும் சேர்க்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அலுவலகத்தில்?

பாலியல் தொல்லை என்றால் பெண்களுக்குத் தெளிவான வழி இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு, அதற்குக் குறைவு என்றாலோ முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்டத்தில் உள்ளூர்க் குழு. தொகையை முடிவு செய்யும்போது மன அதிர்ச்சி, வேதனை, வேலையில் இழந்த வாய்ப்பு, உடல் மற்றும் மனநலச் சிகிச்சைச் செலவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பணத்தைக் குற்றம் செய்தவரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம்.

மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார், வேலைப் பளுவால் நோய் வந்தது என்பவற்றுக்கு நம் நாட்டில் நேரடியாக நஷ்டஈடு தரும் தனிச் சட்டம் இல்லை. பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதில் அரசின் நிவாரணத் தொகையும் உண்டு.

குற்றவாளி பிடிபடவே இல்லை. யாரிடம் கேட்பது?

அரசிடம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 396ஆம் பிரிவு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கான 2018ஆம் ஆண்டின் தேசியத் திட்டத்தில், மறுவாழ்வு தேவைப்படும் மனக்காயத்துக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை என்று ஒரு வரியே இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். பாதிக்கப்பட்டது சிறுமி என்றால் ஒன்றரை மடங்கு. அவசரச் செலவுக்கு இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சீட்டு, வங்கிப் புத்தகம் கொண்டு வந்தால் மனுவை நாங்களே எழுதித் தருவோம்.

போலீசோ அரசோதான் காரணம் என்றால்?

மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். விடுதலையான பிறகும் 14 ஆண்டு சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் தந்தது. தொகை சிறிது, ஆனால் வழி அங்கேதான் பிறந்தது. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பரில் பொய்யான உளவு வழக்கில் கைதானார். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் தரச் சொன்னது. அவர் பட்ட மன வேதனையையும் இழந்த மானத்தையும் முன்வைத்துத்தான் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. இடையில் 24 ஆண்டு போயிற்று.

மனநல டாக்டரிடம் போனது தெரிந்தால் பிள்ளைக்கு வரன் அமையுமா? வேலை போய்விடாதா?

இந்தப் பயத்தாலேயே சீட்டைக் கிழித்துப் போடும் குடும்பங்கள் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது, 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வேலையிடப் பாலியல் புகாரில் பெயரையோ விவரத்தையோ வெளியிடுவது குற்றம். பி.டி.எஸ்.டி.க்கு மாத்திரை சாப்பிட்டதை வைத்து விவாகரத்து வாங்கிவிட முடியாது. சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கான மனநோய் என்று நிரூபித்தால்தான் இந்துத் திருமணச் சட்டத்தில் அது காரணமாகும். அரசு வேலையில் இருப்பவரை ஊனம் வந்ததற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

அதே நேரம், வழக்கில் மன பாதிப்புக்குப் பணம் கேட்டால் அந்த ஆவணங்களை எதிர்த்தரப்பு பார்க்கும் என்பதும் உண்மை. அதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும். குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள், ஆனால் முடிவு பாதிக்கப்பட்டவருடையதாக இருக்கட்டும். வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

முன்பே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டு வந்தவர் கேட்க முடியுமா?

முடியும். மறைக்காதீர்கள், அதுதான் முக்கியம். முன்பு எப்படி இருந்தார், சம்பவத்துக்குப் பின் எவ்வளவு மோசமானார் என்று டாக்டர் பிரித்துச் சொன்னால், கூடிய பகுதிக்கு நஷ்டஈடு உண்டு. பழைய சீட்டை மறைத்து, எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்தால் மீதி வழக்கும் சேர்ந்து விழும்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

நல்ல வழிதான். பணம் சீக்கிரம் வரும், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். ஆனால் அங்கே எழுதுவது இறுதி, அதன்மேல் அப்பீல் கிடையாது. எலும்புச் சிகிச்சை முடிந்த கையோடு, மனநலச் சிகிச்சை ஆரம்பித்த நிலையில் 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டால், அப்புறம் வரும் மருந்துச் செலவுக்கு எங்கும் போய் நிற்க முடியாது. டாக்டரிடம் இன்னும் எத்தனை காலம் சிகிச்சை, மாதம் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, அந்தத் தொகையையும் பேச்சில் சேருங்கள். அன்றைக்குத் தீராவிட்டால் வழக்கு பழையபடி தொடரும், நஷ்டம் ஒன்றுமில்லை.

வக்கீல் பீஸுக்குப் பணமில்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. கோர்ட் வளாகத்திலேயே எங்கள் அலுவலகம் இருக்கும், 15100க்குப் போன் செய்தாலும் போதும். வரும் தொகையில் இத்தனை சதவீதம் பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. விபத்து நடந்த அன்றே ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கிறவர்களிடம் உறுதியாக முடியாது என்று சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது. பணம் எப்போது கைக்கு வரும்?

இன்சூரன்ஸ் கம்பெனி தொகையை வட்டியோடு தீர்ப்பாயத்தின் கணக்கில் கட்ட வேண்டும். மனுத் தேதியிலிருந்து வட்டி, தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம். மைனர் பங்கு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகும். சில சமயம் பெரியவர்கள் பங்கிலும் ஒரு பகுதியை அப்படிப் போடச் சொல்வார்கள். சிகிச்சைக்காக முன்கூட்டியே தேவைப்பட்டால் தீர்ப்பாயத்திலேயே ஒரு மனு போட்டு எடுக்கலாம். அந்த மனுவோடு மனநல மருத்துவரின் செலவுக் குறிப்பை இணையுங்கள். மனநலச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டிலும் கேட்கலாம், உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வாருங்கள்.